குட்டிச்சாத்தானுக்கு ஒரு பகடை

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் எங்கள் ஏரியின் கிழக்குக் கரையில் என் வீட்டு நிலவறையைவிட வெதுவெதுப்பான இடம் கிடையாது. இரண்டு ஹீட்டர் வைத்திருக்கிறேன். வருகிறவர்களுக்குக் காபி, மான்கறி சாசேஜ், பொரித்த சீஸ் எல்லாம் என் செலவு. என்னைப் பற்றிப் போலீஸ் அறிக்கை எழுதும்போது இதையும் எழுதிக்கொள்ளுங்கள், டெபுடி அம்மா. விஸ்கான்சின் குளிரில் இது சின்ன விஷயமில்லை.

விளையாட்டு எளிமையானது. மேசையைச் சுற்றி உட்காருகிறவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருப்பார்கள். ஒருவர் வீரன், ஒருவர் வைத்தியக்காரி. நான் நடுவர். அட்டைத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, குகைக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்வேன். என்ன செய்வது என்று அவர்கள் சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அதிகம் விழுந்தால் பிழைத்தீர்கள்.

எல்லா உயிருக்கும் ஒரு சார்பு உண்டு. ஒழுங்கா, ஒழுங்கின்மையா என்று ஒரு கட்டம். நன்மையா, தீமையா என்று இன்னொரு கட்டம். மனிதர்கள் தங்களுடையதைத் தேர்ந்தெடுக்கலாம். குகைகளில் வாழும் குட்டிச்சாத்தான்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று விதிப் புத்தகத்திலேயே அச்சிட்டுவிட்டார்கள். கிழவன் முதல் தொட்டில் குழந்தை வரை மொத்தக் கூட்டமும் தீமை. இது பெரிய வசதி. யாரை வெட்டலாம் என்று பஞ்சாயத்து பேசிக்கொண்டிருந்தால் சாசேஜ் ஆறிவிடும்.

ஒருமுறை ஆறத்தான் செய்தது. மார்லிஸ் டாஃப்டி முதியோர் இல்லத்தில் நர்ஸ், விளையாட்டில் வைத்தியக்காரி. டுவேன் கெஸ்லர் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். விளையாட்டில் புனித வீரன். இருவரும் ஒரு குட்டிச்சாத்தான் குகையைச் சூறையாடி முடித்தபோது மூலையில் தொட்டில்கள் இருந்தன. நான்தான் வைத்திருந்தேன்.

"தொட்டில்ல கெடக்கறது என்ன பாவம் பண்ணுச்சு, ஆரின்?" என்றாள் மார்லிஸ்.

"தீமைன்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"அதுக்கு இன்னும் பல்லே மொளைக்கலய்யா. தீமை பண்ண நேரம் கெடைச்சிருக்குமா?"

"யாராவது ஒரு முடிவு சொல்லுங்கப்பா," என்றார் டுவேன். "கத்திய ஓங்கிக்கிட்டு எவ்வளவு நேரந்தான் நிக்கறது?"

செய்தாலும் வீரனின் புனிதத்துக்குக் களங்கமில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். டுவேன் செய்தார். பிறகு வீரன் மண்டியிட்டு ஜெபித்தான். டுவேன் கடுகு சாஸ் கேட்டார். அந்த மேசையில் அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகுதான் மார்லிஸ் அந்த லோனி ப்ரூயிட்டை அழைத்து வந்தாள். மேற்குக் கரையில் டிரெய்லர் வீடுகள் இருக்கின்றனவே, அங்கே குடியிருப்பவன். கூரை வேலை செய்கிறவன். அந்தக் கரைக்காரர்கள்மேல் எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை. அவர்கள் நாய்களைக் கட்டுவதில்லை, நினைத்தபோது பட்டாசு வெடிப்பார்கள், முற்றத்தில் சக்கரமில்லாத வண்டிகள் நிற்கும். நான் அவர்களைத் தீயவர்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒழுங்கின்மை என்றுதான் சொல்வேன். அது வேறு கட்டம்.

தனக்குக் குட்டிச்சாத்தான் பாத்திரம்தான் வேண்டும் என்றான் லோனி. அதுவும் நல்ல குட்டிச்சாத்தான்.

"புத்தகத்துல அப்படி ஒண்ணு கெடையாது," என்றேன்.

"புத்தகம் எழுதுன மகராசன் எங்க பக்கமெல்லாம் வந்து பாத்திருக்க மாட்டாருங்க," என்றான்.

மேசையே சிரித்தது. டுவேனுக்குப் புரையேறி, மார்லிஸ் அவர் முதுகில் தட்டவேண்டியதாயிற்று. இத்தனை வருடமாக அந்த மேசையை நடத்துகிறேன். என் குகைகளுக்கு யாருக்கும் புரையேறியதில்லை. பாத்திரத்தைக் கொடுத்தேன். அவன் பாத்திரத் தாளில் சார்பு என்ற இடத்தில் 'தீமை' என்று நானே பென்சிலால் எழுதினேன். நடத்தையைப் பார்த்து மாற்றும் அதிகாரம் நடுவருக்கு மட்டுமே உண்டு. அதன்பின் வாராவாரம் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டே கேட்பான்: "நடுவரய்யா, இன்னிக்காவது நான் நல்லவனா?"

கேலிதான். எனக்குக் கேலி புரியும்.

கிறிஸ்துமஸ் கழிந்து ஒரு ஞாயிறு டுவேன் சொன்னார், "அடுத்த மாசத்துலேர்ந்து லோனி நடத்தட்டுமேய்யா. அவன் டிரெய்லர்லயே வச்சுக்கலாம். நீயும் கொஞ்சம் ஓய்வா ஒக்காந்து ஆடேன்." மார்லிஸ் தான் பிளம் கேக் கொண்டுவருவதாகச் சொன்னாள். ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள் என்று புரிந்தது. எனக்கு வலித்தது. அதை மறைக்கவில்லை. மனைவி போனபிறகு என் வீட்டுக்குள் மனிதக் குரல் கேட்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

இனி கொடிகளைப் பற்றி. ஏரிக்கரைச் சங்கத்தின் செயலாளர் நான். குளிர்காலத்தில் ஏரி உறைந்து, அதன்மேல் நடந்தே போகலாம். ஓடை வந்து கலக்கும் இடத்தில் மட்டும் நீரோட்டம் இருப்பதால் பனிக்கட்டி மெலிதாக இருக்கும். அங்கே எச்சரிக்கைக்குச் சிவப்புக் கொடிகள் நடுவது என் பொறுப்பு. ஒரு குளிர்காலம்கூடத் தவறவிட்டதில்லை. சென்ற ஞாயிறு காலை அவற்றைப் பிடுங்கி, மேற்குக் கரைக்காரர்கள் குறுக்கே நடந்துபோகும் கெட்டியான பாதையில் நட்டேன்.

நடுவர்கள் பொறி வைப்பது வழக்கம். பொறி நியாயமாக இருக்கவேண்டும் என்பதுதான் விதி. கவனமுள்ளவன் கண்டுபிடிக்க ஒரு துப்பாவது விடவேண்டும். ஓடைமுகத்தில் கொடிக்கம்புகள் இருந்த துளைகளை நான் மூடவில்லை. மறுநாள் நீங்கள் அந்தத் துளைகளைக் கண்டுபிடித்தீர்கள் அல்லவா? எனக்கு நிம்மதியாக இருந்தது. துப்பு போதுமானதாகவே இருந்திருக்கிறது.

அந்த ஞாயிறு ஆட்டம் நன்றாக இருந்தது, குறிப்பாக லோனி ஆடியது. பாலத்தில் தனியாக நின்று, மற்ற இருவரும் தப்பும்வரை பகைவர்களைத் தடுத்து, அவன் குட்டிச்சாத்தான் செத்துப்போனது. டுவேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "தீமைங்கறத அழிய்யா. அந்தப் பய நல்லவன்."

"யோசிக்கறேன்," என்றேன்.

"விடுங்கண்ணே," என்றான் லோனி. "அவனுக்கே தெரியும்ல. அது போதும்."

சார்பை அவரவரே முடிவுசெய்துகொள்வதென்றால் நடுவர் எதற்கு என்று நினைத்துக்கொண்டேன்.

மற்ற இருவரும் வண்டியில் கிளம்பினார்கள். வரும்போது மார்லிஸின் வண்டியில் வருகிற லோனி, திரும்பும்போது வழக்கம்போல ஏரியைக் கடந்து நடந்துபோகப் புறப்பட்டான். இருட்டிக்கொண்டு வந்தது. வாசலில் நின்று பார்த்தான்.

"கொடியெல்லாம் எங்க பாதையில நிக்குதே ஆரின், எந்தப் பக்கமா போறது?"

"கொடி இல்லாத பக்கமாப் போ," என்றேன். நான் ஊரில் எல்லோருக்கும் சொல்வது அதுதான். கொடிகளை யாராவது இடம் மாற்றினார்களா என்று அவன் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். கேட்ட கேள்விக்கு நடுவர் பொய் சொல்லக்கூடாது. அவன் கேட்கவில்லை.

"சாசேஜ் ரொம்ப நல்லாருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது ஏரியில் பனிக்கட்டி உடையும் சத்தம் கேட்டது. என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். கராஜில் சங்கத்தின் மீட்பு ஏணியும் கயிறும் தொங்குகின்றன. நான்தான் மாட்டி வைத்தேன். ஆனால் விழுந்தவனுக்குத் தப்பிக்க ஒரு பகடை உண்டு, அது அவன் உரிமை. நான் நிலவறைக்கு இறங்கி, திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, அவனுக்காக உருட்டினேன். யாரும் பார்க்கவில்லை என்று மாற்றிச் சொல்லமாட்டேன். பதினெட்டு விழுந்தது.

பதினெட்டு என்றால் பிழைத்தான். உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கோப்பைகளைக் கழுவப் போனேன். மறுபடியும் கூப்பிட்டான். ஒரு ஆபத்துக்கு ஒரு பகடைதான். அதை இரண்டாம் முறை உருட்டுவது அழுகுணி ஆட்டம். காலையில் நீங்கள் கதவைத் தட்டி அவன் செத்துப்போன விஷயத்தைச் சொன்னபோது "இருக்காதே" என்றேன். துக்கம் தாங்காமல் சொல்கிறேன் என்று நினைத்து என் தோளைத் தொட்டீர்கள். பகடையைப் பற்றித்தான் சொன்னேன்.

நேற்று டுவேன் வந்தார். காபி வேண்டாம் என்றார். லோனியின் பாத்திரத் தாளை என் முன்னால் வைத்து, பக்கத்தில் அழிப்பானையும் வைத்தார்.

"இப்பவாச்சும் மாத்து."

மாற்றினேன். 'தீமை'யை அழித்து 'நன்மை' என்று அழுத்தி எழுதினேன். செத்தவன்மேல் எனக்கென்ன வஞ்சம்? என் கையெழுத்து அவ்வளவு அழகாக இதுவரை வந்ததில்லை.

டுவேன் எழுந்து, என் பழைய வீரனின் தாளைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சுவருக்கு எதிரே நெடுநேரம் நின்றார். அதில் 'ஒழுங்கு, நன்மை' என்று இருக்கும். "உன்னுத என்ன பண்ணப் போற, ஆரின்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியேறிப் போனார்.

நியாயமான கேள்விதான். நானும் சட்டத்தைக் கழற்றி, தாளை வெளியே எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தேன். பிறகு அழிப்பானை டப்பாவில் போட்டு மூடினேன். சார்பை மாற்றும் அதிகாரம் நடுவருக்கு மட்டுமே உண்டு. நடுவர் என்னுடையதில் குறை எதையும் காணவில்லை.