ஒலி ஆள் இன்னும் வரவில்லை

மேடையில் வீற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே, அவருக்குப் பக்கத்தில் கைக்குட்டையும் கையுமாக அமர்ந்திருக்கும் எங்கள் சின்ன முதலாளி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் குடும்பத்தாரே, வந்ததும் வராததுமாக மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்துவிட்ட ஒலிப்பதிவுத் துறைக் கண்மணிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த மாலையில் நான் ஒரு கதை சொல்லப் போகிறேன். அதை உங்களில் ஒருவர்கூட நம்ப மாட்டீர்கள் என்று மனமார உறுதி கூறித் தொடங்குகிறேன். நாற்பத்தைந்து ஆண்டுகளாக இந்த நிறுவனத்தில் என் பேச்சை நம்பியவர் யாராவது இருந்தால் கையைத் தூக்கட்டும். பார்த்தீர்களா? மைக்கைப் பிடித்திருக்கும் என் கையைத் தவிர வேறு கையே மேலே இல்லை.

நம்மை விட்டுப் போன நெகடிவ் அக்கா யார்? படத்தை வெட்டுகிறவர் எடிட்டர் என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறது. எடிட்டர் வெட்டுவது நகலை. தப்பாக வெட்டினால் இன்னொரு நகல் போட்டுக்கொள்ளலாம். காமிராவுக்குள் ஓடிய மூலச் சுருள், அதாவது நெகடிவ் இருக்கிறதே, உலகத்திலேயே ஒன்றே ஒன்று, அதன்மேல் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, மூச்சை அடக்கிக் கத்தரிக்கோல் வைத்தவர் அக்கா. படத்தை மட்டுமல்ல, ஒலிச் சுருளையும் அவர்தான் வெட்டுவார். தும்மல் வந்தால் என்ன செய்வார்? வேலை நேரத்தில் அவர் தும்மியதே கிடையாது. ஆண்டு முழுவதும் அடக்கிய தும்மலையெல்லாம் விடுமுறையின் முதல் நாள் மொத்தமாகத் தும்முவார், எதிர்வீட்டில் ஏழு ஜன்னல் கழன்று விழும் என்று நான் சொல்லி வந்திருக்கிறேன். எதிர்வீட்டுக்கு இருந்ததே நாலு ஜன்னல்.

வெட்டும் வேலையோடு பிலிம் கிடங்கையும் அவரிடம் கொடுத்திருந்தார்கள். பழைய பிலிம் கெட ஆரம்பித்தால் வினிகர் வாசனை அடிக்கும். அக்கா டப்பாவைத் திறக்காமல், மூடியை முகர்ந்தே, "மூணாவது ரீலு போயிட்டிருக்கு, தூக்கிட்டு வா" என்பார். ஒரு மழையில் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்தது. நானூறு டப்பாக்களை அக்காவும் இரண்டு பேரும் மாடிக்குச் சுமந்தார்கள். நான் சொல்லும்போது அது நாலாயிரமாக இருக்கும். நானும் கூடச் சுமந்ததாகவும் இருக்கும். நான் சுமந்தது குடையை. அதுவும் எனக்குத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். எனக்கு எப்போதும் அது போதும். அதனால்தான் இந்த வினை.

அந்தப் படத்தைப் பற்றிப் பேசாமல் அக்காவைப் பற்றிப் பேச முடியுமா? எந்தப் படம் என்று நான் சொல்ல வேண்டுமா? நம் நிறுவனம் எடுத்த கப்பல்காரர் படம். அலைமேல் வெயில் விழுகிற அதன் முதல் காட்சியைப் பார்த்துக் கடலே இரண்டு நாள் அலையடிக்க மறந்து நின்றது என்று நான் எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறேன். திரைப்படக் கல்லூரிகளில் இன்றும் அந்த ஒரு காட்சியைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். மற்ற இரண்டரை மணி நேரத்தை முப்பத்தோரு ஆண்டுகளாக யாரும் பார்த்ததில்லை. ஏன்?

துறைமுகத்துக்குப் பின்னால் தகரக் கூரைத் தெருக்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களின் பாட்டன்மார் கடல் கடந்து மூட்டை தூக்க வந்தவர்கள். நிறம் வேறு, முடி வேறு, நம் மொழியை அவர்கள் பேசினால் கடைசியில் ஓர் இழுப்பு. படத்தில் அவர்கள் பதினோரு பேர் வருகிறார்கள். பதினோரு பேரும் நம் ஆட்கள். முகத்தில் கரியைப் பூசி, உதட்டைச் சுற்றி வெள்ளை அடித்து, தலையில் கம்பளியை ஒட்டினோம். கப்பல்காரர் உதைத்தால் அவர்கள் பல்லைக் காட்டுவார்கள். ரொட்டியை எறிந்தால் நான்கு காலில் பாய்வார்கள். படத்தின் நகைச்சுவை முழுவதும் இதுதான். அந்தப் பதினோரு வாய்க்கும் குரல் ஒன்று. ஆயிரங்குரல் மன்னன் என்று சுவரொட்டியில் பெயர் போட்டார்கள். அந்த மன்னன்தான் இப்போது உங்கள் முன்னால் நிற்கிறான்.

அக்கா அந்தத் தகரக் கூரைத் தெருவில் பிறந்தவர். இது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதிப் பேர் தெரியாத மாதிரி இருந்தீர்கள். அவருடைய அப்பா நம் நிறுவனத்தின் வாசல் காவலர்.

"அவனுங்க மாதிரியே பேசணும்யா, ஒரு வாரம் டைம்" என்று டைரக்டர் சொன்னார். எனக்கு அவர்களில் யாரைத் தெரியும்? நேரே வாசலுக்குப் போனேன்.

"வாங்க தம்பி, நிக்காதீங்க, உக்காருங்க" என்று காவலர் பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார். ஒரு வாரம், தினமும் மதியம், அவர் டீயில் பாதி எனக்கு. அவருடைய அப்பா கப்பலில் வந்த கதையை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். நான் "ம்", "அப்புறம்?" என்று உட்கார்ந்திருந்தேன். தன் கதையைக் கேட்கிறேன் என்று அவர் நினைத்தார். நான் இழுப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கதையில் என்ன நடந்தது என்று இன்று என்னைக் கேளுங்கள். ஒரு வரி தெரியாது. இழுப்பு மட்டும் இன்னும் நாக்கில் இருக்கிறது.

அந்த வாரம் அக்கா என்னை வழியில் நிறுத்தினார். "எங்கப்பாவுக்கு ஒரே சந்தோஷம்டா. கம்பெனியில ஒருத்தர் உக்காந்து பேசுறாருன்னு வீட்ல வந்து சொல்லிட்டே இருக்கார்" என்றார். நான் என்ன சொன்னேன்? பெருமையாகத் தலையை ஆட்டினேன்.

பிறகு ஒலிச் சுருள் அவர் மேசைக்கு வந்தது. இயந்திரத்தில் முன்னும் பின்னும் ஓட்டி, ஒவ்வொரு வரியையும் இருபது தடவை கேட்டுத்தான் வெட்ட வேண்டும். தன் அப்பாவின் பேச்சை என் வாயிலிருந்து அவர் எத்தனை தடவை கேட்டிருப்பார்? வெட்டினார். ஒட்டினார். ஒரு ஒட்டுகூடப் பிசகவில்லை. என்னைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் நிறுத்தினார். வேலைப்பளு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஊழியர்களுக்கு முதல் காட்சி போட்டோம். "நீ வராதப்பா, கூட்டமா இருக்கும்" என்று அக்கா தன் அப்பாவைத் தடுத்திருக்கிறார். "தம்பி குரல் வருதாம்மா, நான் போகலன்னா நல்லாருக்குமா?" என்று கிளம்பியிருக்கிறார். நாலாவது வரிசை நடுவில் அவருக்கு இடம் போட்டுக் கொடுத்தவன் யார்? நான்தான்.

தியேட்டர் சிரித்தது. கூரை எழும்பிப் பக்கத்துத் தெருவில் போய் உட்கார்ந்தது, நகராட்சி அதற்குத் தனியாக வரி போட்டது என்று இதுவரை சொல்லி வந்தேன். கூரை அங்கேயேதான் இருந்தது. அதற்குக் கீழே நானூறு பேர் சிரித்தார்கள். இரண்டு பேர் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து காவலர் வாசலில் பேசவில்லை. வருகிறவர்களுக்குக் கதவைத் திறப்பார், தலையை அசைப்பார், மூடுவார். ஓய்வு பெறும்வரை பதினோரு ஆண்டுகள் அப்படித்தான். "பெரியவருக்கு வயசாச்சு, பேச்சு கொறைஞ்சிடுச்சு" என்று நாமெல்லாம் சொல்லிக்கொண்டோம். நானும் சொன்னேன்.

படம் வெளியான இரண்டாவது வாரம், துறைமுகத்துத் தெருக்காரர்கள் தியேட்டர் வாசலில் வந்து நின்றார்கள். கல்லெறியவில்லை, கத்தவில்லை. நின்றார்கள். துறைமுகத்தில் ஒரு மூட்டையும் இறங்கவில்லை. பெரிய முதலாளி படத்தைத் திரும்பப் பெற்றார். நிறுவனத்தின் பெருந்தன்மை என்று பத்திரிகைகள் எழுதின. அதற்குப் பிறகு படம் எங்கே என்று கேட்டவர்களிடமெல்லாம் நான் கதை அளந்தேன். பெட்டி கடலில் விழுந்ததென்றேன். ஒரு சுறா விழுங்கியதென்றேன். அந்தச் சுறா இன்றும் மாலை வேளையில் வசனம் பேசுகிறதென்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் நிறுத்தினார்கள் என்று பிறகு யாரும் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கத்தானே சொன்னேன்?

படம் கிடங்கில் பத்திரமாக இருந்தது. நடுவில் பெரிய முதலாளி மூன்று முறை அதை மறுபடி வெளியிட நினைத்தார். காலம் மாறிவிட்டது என்று ஒரு முறை. வெளிநாட்டு விழாக்காரர்கள் கேட்டார்கள் என்று ஒரு முறை. அந்தக் காட்சிகளை மட்டும் வெட்டிவிட்டு வெளியிடலாம் என்று ஒரு முறை. மூன்று முறையும் அக்காவின் கையெழுத்து வேண்டியிருந்தது. கிடங்கிலிருந்து மூலச் சுருள் வெளியே போக வேண்டுமென்றால் காப்பாளர் கையெழுத்து இல்லாமல் ஆகாது.

"வெட்டலாமே அக்கா, நீங்களே வெட்டுங்க" என்றார் பெரிய முதலாளி.

"வெட்டிட்டா நீங்க சிரிச்சதே இல்லன்னு ஆயிடும் சார்" என்றார் அக்கா. "முழுசா போடுங்க. எங்க தெரு மன்றத்துல மொதல்ல போடுங்க. போடறதுக்கு முன்னாடி இவன் எந்திரிச்சு நின்னு, அது யாரு குரலுன்னு சொல்லட்டும். அப்புறம் எங்காளுங்க வெளியிடுன்னா வெளியிடுங்க. வேணாம்னா விட்டுடுங்க."

இவன் என்றால் நான். பக்கத்தில்தான் நின்றேன். முதல் முறை எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. இரண்டாவது முறையும் கட்டியிருந்தது. மூன்றாவது முறை, வாயைத் திறக்க வேண்டாமென்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்பதை நான் அரை மணி நேரம் வாய் ஓயாமல் விளக்கினேன். அக்கா கடைசிவரை கேட்டார். "சரிடா, ஒடம்பப் பாத்துக்க" என்றார். அவ்வளவுதான். நிறுவனத்தின் பெருந்தன்மை, பெருந்தன்மை என்று ஊர் பேசியதே, அதன் உண்மைப் பெயர் என்ன? என் தொண்டை.

போன வாரம் அக்காவின் தங்கை மகளும் நானும் கிடங்கைத் திறந்தோம். அவர் மருத்துவமனையில் நர்ஸ், இதோ முன்வரிசையில் இருக்கிறார். அக்காவின் மேசைக்குக் கீழே மூன்று டப்பாக்கள். அந்தப் படத்தின் ஒலிச் சுருள். டப்பாக்களின் மேல் போர்த்திய துணியில் கால் வைத்து வைத்துக் குழி விழுந்திருந்தது. ஈரம் படாமல், வெயில் படாமல், என் குரலை இத்தனை ஆண்டுகள் தன் காலுக்குக் கீழே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். அதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் இந்த நிறுவனத்தில் உண்டா?

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கிடங்குச் சீட்டு உண்டு. ஆண்டுக்கு ஒரு முறை டப்பாவைத் திறந்து பார்த்து நிலைமையை எழுத வேண்டும். அந்தப் படத்தின் சீட்டில் முப்பத்தோரு வரிகள். ஒரே கையெழுத்து, ஒரே வாசகம். "படம் நல்ல நிலையில் உள்ளது. ஒலி ஆள் இன்னும் வரவில்லை." அடுத்த ஆண்டு, "படம் நல்ல நிலையில் உள்ளது. ஒலி ஆள் இன்னும் வரவில்லை." இந்த ஆண்டு வரைக்கும் எழுதியிருக்கிறார். அவர் அறைக்கும் என் அறைக்கும் நடுவில் ஒரு மாடிப்படி. பதினெட்டுப் படி. இதை நான் மிகைப்படுத்தவில்லை, நேற்று எண்ணினேன்.

என் சட்டைப் பையில் ஒரு தாள் இருக்கிறது. சின்ன முதலாளி கொடுத்தது. அக்காவின் நினைவாக அந்தப் படத்தைத் துலக்கி, சங்கடமான பகுதிகளை நீக்கி வெளியிடுகிறோம் என்று இந்த மேடையில் நான் அறிவிக்க வேண்டும். "நீங்க சொன்னா ஜனங்க கேப்பாங்க மாமா" என்றார். நல்ல பிள்ளை, கெட்ட எண்ணம் எதுவுமில்லை. ஆனால் மாப்பிள்ளை, இதை நான் வாசிக்கப் போவதில்லை. மன்னித்துவிடுங்கள்.

நர்ஸம்மாவிடம் உங்கள் விருப்பம் என்ன என்று கேட்டேன். "என்னைக் கேட்டா எரிச்சிடுவேன். பெரியம்மா மாதிரி எனக்குப் பொறுமையில்ல. ஆனா நான் ஒருத்தி சொல்ல முடியாது, தெருவுல கேளுங்க" என்றார். கேட்கப் போகிறேன். அக்கா, உங்கள் புகைப்படத்தின் எதிரில் நின்று, இத்தனை பேரைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் அந்தத் தெரு மன்றத்தில் நிற்பேன். என் தொண்டை நன்றாக இருக்கிறது. அது யாருடைய பேச்சு, அதை நான் எப்படி எடுத்தேன் என்று சொல்வேன். அவர்கள் போடு என்றால் முழுப் படத்தையும் போடுவோம், நானும் உட்கார்ந்து பார்ப்பேன். வேண்டாம் என்றால், கிடங்குச் சீட்டில் ஆண்டுதோறும் எழுதும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். தலைவர் அவர்களே, இதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் நழுவினால் வந்து இழுத்துக்கொண்டு போங்கள்.

முடிக்கிறேன். ஜன்னல், கூரை, சுறா, இவை எதையும் நீங்கள் நம்ப வேண்டாம். இவ்வளவு நேரம் பேசியதில் எங்கெங்கே மெருகு ஏற்றினேன் என்று எனக்கே கணக்கில்லை, வாய் அப்படிப் பழகிவிட்டது. ஒரு சின்ன விஷயம் மட்டும் மெருகே இல்லாத உண்மை. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்குக் காட்சி முடிந்து எல்லோரும் என் முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். காவலர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பின்னால் அக்கா. காவலர் முகத்தில் கோபம் இல்லை. ஏதோ புரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"நல்லாப் பேசுறீங்க தம்பி. இது யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?"

நான் சொன்னேன்: "எல்லாம் சொந்தச் சரக்குதான், அய்யா."

"அப்படியா" என்றார். அந்த வார்த்தையை அவர் இழுக்கவில்லை.