நீல நூல் கட்டிய கோரை

“நாலு வருஷமா இந்தச் சேத்துல நிக்கிறேன் சார். இன்னைக்கு ஒரு நாள் ஒழுங்கா செத்துட்டுப் போறேன், விடுங்க.”

“சாகறதுக்கு இவ்வளவு அவசரப்படறவளை இப்பத்தாம்மா பாக்கறேன்.”

“மழை பிடிச்சா மூணு மாசத்துக்கு இங்க யாரும் கால் வைக்க முடியாது. அதுக்கப்புறம் எடுக்கலாம்னு இழுக்கறீங்க. எனக்கு அடுத்த வாரம் கல்யாணம்.”

“நானா இழுக்கறேன்? வானத்தைப் பாரு. மேகத்தை நானா கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்? வெளிச்சம் இல்லம்மா.”

“சாவுக் காட்சிதானே சார். இருட்டா இருந்தா இன்னும் நல்லாத்தான் இருக்கும்.”

சதுப்புக் கரையில் நாயகிக்கும் இயக்குநருக்கும் நடந்த இந்தச் சண்டை உங்கள் கோப்பில் இருக்காது. செத்தவளைப் பற்றி அவள் வாயாடி என்று யாரும் சொல்ல மாட்டார்கள் அல்லவா. எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. அந்தச் சண்டையில் இயக்குநர் ஜெயித்திருந்தால் நான் இன்று இந்த ஸ்டேஷனில் வந்து உட்கார வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அவள் ஜெயித்தாள். “சரி, டீ குடிச்சிட்டு எடுத்துடலாம்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

என் வேலையைச் சொன்னால்தான் மீதி உங்களுக்குப் புரியும். நேற்று எடுத்த காட்சியில் நாயகி இடது கையில் அரிவாள் வைத்திருந்தால், இன்று அதன் தொடர்ச்சியை எடுக்கும்போதும் இடது கையில்தான் இருக்க வேண்டும். சட்டையில் எத்தனை பொத்தான், நெற்றியில் எந்தப் பக்கம் முடி விழுந்திருந்தது என்று எல்லாவற்றையும் போட்டோ எடுத்து நோட்டில் எழுதி வைப்பேன். கண்டினியூட்டி என்பார்கள். அடுத்தவர் வீட்டை எட்டிப் பார்க்கும் குணத்துக்கு மாதச் சம்பளம் தரும் தொழில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். படப்பிடிப்பில் என் பெயர் ‘ஞாபகம் அக்கா’. கேமராமேன் மீசைக்கு எந்தக் கிழமை சாயம் பூசுவார், உதவி இயக்குநர் யாருக்குப் போன் பண்ணும்போது மட்டும் குரல் தேனாகும் என்பதெல்லாம் நோட்டில் எழுதாமலே என்னிடம் இருந்தது.

தொடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இல்லை என்று தலையாட்டாதீர்கள், உங்கள் வீட்டம்மாவாவது பார்த்திருப்பார். சதுப்பு நிலத்தில் கோரை அறுத்துப் பிழைக்கும் குடும்பம். அதில் மூத்த மருமகளாக நடித்த அவள்தான் எல்லோருக்கும் ‘கோரைக்காரி’. தினமும் இரவு ஏழரைக்கு அவள் சேற்றில் இறங்கினால்தான் பாதி ஊர் சாப்பிட உட்காரும்.

என் வீட்டில் இது வெறும் சொல்வழக்கு இல்லை, நிஜம். என் கணவர் லாரி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கமும் போயிற்று, ஞாபகமும் போயிற்று. ஞாபகம் அக்காவின் புருஷனுக்கு ஞாபகம் இல்லை என்று தெருவில் சிரித்தார்கள். நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். என்னை “நர்ஸம்மா” என்றுதான் கூப்பிடுவார். கஞ்சியைக் கொண்டு போனால் பல்லைக் கடித்துக்கொள்வார். ஆனால் ஏழரைக்கு அவள் முகம் திரையில் வந்ததும் வாயைத் திறப்பார். விளம்பரம் வந்தால் மூடிக்கொள்வார். அவள் வரும் பதினைந்து நிமிடங்களில் ஒரு கிண்ணம் உள்ளே போய்விடும். அதுதான் அவருடைய ஒரு நாள் உணவு. பழைய எபிசோடுகளைப் போட்டுப் பார்த்தேன். இரண்டு நாள் ஏமாந்தார். மூன்றாம் நாள் என் முகத்திலேயே துப்பிவிட்டு, “இது பழசு” என்றார். ‘நர்ஸம்மா’வை விட்டால், அந்த வருடம் முழுக்க அவர் தெளிவாகப் பேசிய வார்த்தைகள் அந்த இரண்டுதான்.

அவள் போகிறாள் என்றால் தொடர் முடிகிறது என்று சேனல்காரர்கள் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு ஒப்பந்தம் இப்படி: கோரைக்காரியின் சாவுக் காட்சியை நடித்துக் கொடுத்தால் அன்றோடு விடுதலை. அதுவரை அவள் எங்களுடையவள். அன்று எடுக்காமல் போனால் மழை; மழை என்றால் மூன்று மாதம். மூன்று மாதத்துக்குக் கதையை வீட்டுக்குள்ளேயே ஓட்டலாம், மாமியார் இருக்கிறார், அண்டா இருக்கிறது. அவளும் தினமும் வந்துதான் ஆக வேண்டும். நான் கேட்டது அந்த மூன்று மாதம். அதிகமில்லை.

காட்சி எடுக்கும் விதம் இதுதான். கோரைக்காரி தனியாகப் படகைத் தள்ளிக்கொண்டு வருவாள். காணாமல் போன கணவனின் சட்டை கோரையில் சிக்கியிருப்பதைப் பார்த்து இறங்குவாள், மூழ்குவாள். உண்மையில் சேற்றுக்கடியில் முழங்கால் ஆழத்தில் ஒரு பலகை இருக்கும். அதில் நின்றால் முழங்கால் வரை சேறு. மெல்ல மண்டியிட்டால் இடுப்பு வரை, உட்கார்ந்தால் கழுத்து வரை. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அப்படியே மூழ்குவது போல இருக்கும். பலகை எங்கே இருக்கிறது என்று தெரிய, பக்கத்தில் ஒரு கோரைத் தண்டில் படகுக்காரர் நீல நூலைக் கட்டி வைப்பார். அவள் அந்த நூலைப் பார்த்து இறங்குவாள். பலகையிலிருந்து நாலு முழம் இடப்பக்கம் ஒரு பழைய குழி. “அங்க என் கம்பே அடி தொடாதுக்கா” என்று படகுக்காரர் முதல் வாரமே எனக்குச் சொல்லியிருந்தார்.

எல்லோரும் டீ குடிக்கப் போனபோது நான் சின்னப் படகில் போட்டோவோடு போய் நூலை அவிழ்த்து, நாலு முழம் தள்ளி வேறொரு கோரையில் கட்டினேன். ஒளிந்து செய்யவில்லை. ஏழு பேர் பார்த்தார்கள். மேக்கப்காரர் கரையிலிருந்து, “என்னக்கா, இன்னைக்கும் ரெண்டு அங்குலம் நகர்த்தியாச்சா? இல்லன்னா உலகம் கவுந்துடுமே” என்று கிண்டல் கூடச் செய்தார். நான் எதையாவது நகர்த்தாத நாள் கிடையாது. நகர்த்தினால் சரியாகத்தான் இருக்கும் என்பது அங்கே சட்டம்.

அவள் படகில் ஏறும் முன் என்னிடம் வந்தாள். “அக்கா, நான் போயிட்டா யாருக்கா எனக்கு முடியை இப்படி ஒதுக்கி விடுவா?” என்று கேட்டாள். “உன் மாப்பிள்ளை ஒதுக்குவாருடி” என்றேன். சிரித்தாள். நல்ல பெண்தான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இடுப்பு வரை இறங்கியதும் பயந்து கத்துவாள், இழுத்துவிடுவார்கள், அன்றைக்குப் படப்பிடிப்பு நின்றுவிடும் என்பதுதான் என் யோசனை. அதுவரை நடந்ததை நீங்கள் தவறு என்று எழுதலாம். நானும் கையெழுத்துப் போடுவேன்.

கேமரா எதிர்க்கரையில் இருந்தது. குரலைப் பிறகு ஸ்டுடியோவில் சேர்ப்பது வழக்கம், அதனால் மைக் கிடையாது. வசனத்தை எடுத்துக் கொடுக்க நான் மட்டும் சின்னப் படகில் கோரைக்குள், அவளுக்குப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன். காற்று பலமாக இருந்தது. அவள் இறங்கினாள். படகு விலகிப் போயிற்று. இடுப்பு, மார்பு. இத்தனை சீக்கிரம் போகும் என்று நான் நினைக்கவில்லை. என்னைப் பார்த்து, “அக்கா, காலுக்கு ஒண்ணும் தட்டல. பலகை இல்லக்கா” என்றாள்.

எதிர்க்கரையிலிருந்து இயக்குநர் கத்தினார்: “ஞாபகம், என்ன சொல்றா?”

“வசனம்தான் சார்” என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அப்போதே தூக்கியிருந்தால் துடைத்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் மறுபடி எடுத்திருப்பார்கள். அவள் பிடிவாதக்காரி. இன்னும் கொஞ்சம் பயந்தால்தான் அன்றைக்கு மறுபடி சேற்றில் கால் வைக்க மாட்டாள். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று எனக்கும் தெரியவில்லை. கடைசியாக மேலே இருந்தது வலது கை. நிச்சயதார்த்த மோதிரத்தைக் கழற்ற மறந்திருந்தாள். கோரைக்காரிக்கு ஏது மோதிரம். நோட்டில் குறித்துக்கொண்டேன். அக்கரையில் கைதட்டினார்கள். இயக்குநர் கட் சொன்ன பிறகும் அவள் எழுந்து வரவில்லை என்று அவர்களுக்குத் தெரிய இன்னும் சிறிது நேரம் ஆயிற்று. அதற்குள் மழை பிடித்துவிட்டது.

பலகை வழுக்கிவிட்டது என்று உங்கள் ஆட்கள் எழுதினார்கள். தேடியவர்கள் மிதித்ததில் கோரையும் இல்லை, நூலும் இல்லை. படகுக்காரர் பலகையை ஒழுங்காகத்தான் போட்டிருந்தார். அதைத் திருத்திவிடுங்கள்.

தொடரை முடித்துவிடுவார்கள் என்று பார்த்தால் ஊரே அழுதது. அழுகிற ஊரை எந்தச் சேனல் விடும்? அந்தச் சாவுக் காட்சியைப் போடாமல், அவளுடைய சொந்தத் தங்கையையே கொண்டு வந்து, ‘இவருக்குப் பதில் இவர்’ என்று மூன்று நாள் திரையில் எழுத்துப் போட்டார்கள். அப்படியே அக்காவின் முகம். தொடர் இன்னும் மூன்று வருடம் ஓடி, போன வெள்ளிக்கிழமைதான் முடிந்தது. நடுவில் வந்து சொல்லியிருந்தால் நாற்பது பேர் வேலை போயிருக்கும். அதனால்தான் இன்று வந்தேன்.

மற்றவர்களைப் பற்றிக் கேட்டால், அந்த மாப்பிள்ளைக்கு மறு வருடமே வேறு பெண்ணோடு கல்யாணம் ஆகிவிட்டது. ஆண்பிள்ளைத் துக்கம் அவ்வளவுதான். தங்கையை உதவி இயக்குநர் கட்டிக்கொண்டார், போன் குரல் யாருக்கு என்ற விஷயம் அதோடு தீர்ந்தது. கேமராமேன் சாயத்தை விட்டுவிட்டு, வேறு ஊரில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறார். படகுக்காரரோடு யாரும் பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. படகைக் கரையிலேயே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு எங்கோ போய்விட்டார்.

போனவர்களில் என் கணவரும் உண்டு. தங்கை முதன்முதலாகத் திரையில் வந்த அன்று கிண்ணத்தோடு உட்கார்ந்தேன். ஊரில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர் உற்றுப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். அப்புறம் திறக்கவே இல்லை. குழாய் வைத்துப் பார்த்தார்கள். ஆறாவது வாரம் போய்ச் சேர்ந்தார்.

ஒரு நாள் லீவு போட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் படப்பிடிப்புக்கு வந்துவிட்டேன், அந்தச் சின்னப் பெண்ணுக்கு எந்தக் கையில் அரிவாளைக் கொடுப்பது என்று என்னை விட்டால் யாருக்குத் தெரியும். இந்த மூன்று வருடத்தில் அதற்கப்புறம் லீவே எடுக்கவில்லை. எல்லாம் அவருக்காகத்தான் செய்தேன். அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள்.