பதினொரு பட்டன் சட்டை

அய்யய்யோ, கவர்ல போடாதீங்கம்மா, உள்ள வைங்க! நான் பன் வாங்க வரல. வியாழக்கிழமை எனக்கு ஸ்கேன். அதுவரைக்கும் எனக்குப் பன்னே விக்காதீங்கன்னு சொல்லத்தான் வந்தேன்.

சிரிங்க, பரவால்ல. உங்களுக்கு முன்னாடி கல்லாவுல இருந்த பொண்ணுக்கு என்னைத் தெரியும், கெஞ்சினாலும் தரமாட்டா. நீங்க புதுசு. திங்கட்கிழமை கேட்டதும் ஆறு குடுத்துட்டீங்க. குழந்தைங்களுக்குன்னு சொன்னேன்ல? எனக்கு ஏது குழந்தை! ரோட்டைத் தாண்டறதுக்குள்ள மூணு காலி.

எதிர்ல இருக்கற தையல் கடை என்னுதுதான். நாலு மணிக்கு நீங்க அடுப்பைத் திறந்தா வாசனை நேரா என் மெஷினுக்கு வந்துடுது, நாக்கு நாலு முழம் நீளுது. சோறு, ரொட்டி, சக்கரை எல்லாத்தையும் விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. முட்டை, வெள்ளரிக்கா, கீரை, மறுபடியும் முட்டை. கோழியே என்னைப் பார்த்தா ஓடுது.

பசியா? அட, பசின்னா சாப்பிட்டா அடங்கிடுமே! இது வயிறு முட்டினாலும் கை நிக்காது. அழுதுகிட்டே தின்னுருக்கேன்மா.

ஆசை வந்தா பத்து நிமிஷம் கைக்கு வேலை குடுன்னு டயட் சொல்லிக் குடுக்கற அம்மா சொன்னாங்க. சரின்னு பட்டன் தைக்க உக்காந்தேன். பேங்க் மேனேஜர் சட்டையில பதினொரு பட்டன்! காஜா ஏழுதானே இருக்கு, மீதியை எதுல மாட்டறதுன்னு பாவம் அந்த மனுஷன் முழிக்கிறார்.

ஸ்கேன்ல என்னவா? ஈரல்ல கொழுப்பு கரைஞ்சிருக்கான்னு பார்ப்பாங்க. கரையலன்னா எல்லாம் போச்சு.

சேச்சே, எனக்கு ஒரு நோயும் இல்ல, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என் ஈரல்ல பாதியை வெட்டி என் நாத்தனாருக்கு வைக்கணும். ஆமா, நாத்தனாருக்குத்தான்! வீட்ல எல்லாரையும் டெஸ்ட் பண்ணாங்க, பொருந்தினது நான் ஒருத்திதான். ஆனா கொழுப்பு இருக்கற ஈரலை வைக்க மாட்டாங்களாம். இருபது வருஷத்துல ஒரு நாளாவது எங்களுக்குள்ள ஒத்துப்போயிருக்கா? ஆனா அவ போயிட்டா நான் யார்கூடம்மா சண்டை போடுவேன்?

சாப்பிடு சாப்பிடுன்னு டாக்டர் அவகிட்ட தலைபாடா அடிச்சுக்கறார், ஒரு வாய் இறங்க மாட்டேங்குது. நேத்துதான் அவளா வாயைத் திறந்து, உன் எதிர்க்கடை பன் ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டா. எத்தனை நாளைக்கப்புறம் கேக்கறா தெரியுமா?

அதனால ஒண்ணே ஒண்ணு கட்டுங்க. பின்தெருவுல பச்சை கேட் போட்ட வீடு. நீங்களே போய்க் குடுத்துடுங்கம்மா, புண்ணியமாப் போகும். என் கையில மட்டும் தராதீங்க.