மரத்த கையில் ஒரு பிடி

ஓடுகிறோம். என் புருஷன் சவரி என் இடக்கையைப் பிடித்திருக்கிறார். முதலில் தூரத்தில் ஒரு ‘டும்’. பிறகு தலைக்கு மேல் துணி கிழிகிற சத்தம். ரப்பர் மரங்களுக்குப் பின்னால் மண் எழும்புகிறது.

எழுபதுகளின் நடுப்பகுதி. மலேசியாவில் பேரா மாநிலத்தின் வடக்கே, காட்டை ஒட்டிய ரப்பர் தோட்டம். ஞாயிற்றுக்கிழமை காலை. காட்டிலிருந்து கம்யூனிஸ்டுகளும் சுடுவார்கள். காட்டை நோக்கி ராணுவத்தாரும் சுடுவார்கள். அந்தக் குண்டு யாருடையது என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மணி அடிக்கிறது. கோயில் மணி என்று பேர்தான். மரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் ஞானப்பிரகாசம் அடிக்கிறார். லயத்து வரிசை வீடுகளின் மற்ற ஜனங்கள் ஆற்றுப் பக்கம் ஓடினார்கள். வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள் நாங்கள் மட்டும் மணி அடித்த பக்கம் ஓடினோம். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் கால் தானாகக் கோயிலுக்குத்தான் போகும். அவர் எங்களை விரட்டத்தான் அடித்திருக்கிறார். கிட்டே போன பிறகுதான் குரல் கேட்டது.

“இங்க வராதீங்க! ஆத்துக்கு ஓடுங்க!”

திரும்பினோம். மறுபடியும் துணி கிழிந்தது.

சத்தமே இல்லை. வாய் நிறைய செம்மண். கண் திறக்கவில்லை. என் கையில் ஒன்றுமே இல்லை. சவரி கையை விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று நினைத்தேன்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் கண் விழித்தேன். அவர் செத்துப்போனார் என்றார்கள். அழுகை வரவில்லை. கோபம் மட்டும் இருந்தது. ஆண்டவர் கைவிடமாட்டார் என்று ஞாயிறுதோறும் பாடினோமே. புருஷனும் விட்டார், ஆண்டவரும் விட்டார்.

தோட்டத்தில் மருந்து கட்டும் டிரசர் முனியாண்டி பார்க்க வந்தார்.

“கை வலிக்குதாக்கா?”

“ஒண்ணும் தெரியல. அவரு விட்டுட்டுப் போனப்பவே செத்துப்போச்சு.”

“யாரு விட்டா? அண்ணன் விடல லா. உசுரு போயும் விடல. நாந்தான் விரல ஒவ்வொண்ணா பிரிச்சேன். ஒங்களுக்கு நரம்பு அறுந்துருக்கு. அதான் தெரியல.”

சவரி பிடித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போது எண்பதுகள். ஈப்போவை ஒட்டிய சிலிபினில் தங்கச்சி வீட்டில் இருக்கிறேன். கோயிலுக்குப் போகிறேன். பாட்டு வாயில் வருகிறது. நெஞ்சில் எதுவும் அசைவதில்லை. போன மாதம் பங்குச் சாமியார் கேட்டார், ஆண்டவருடைய அன்பை உணர்கிறாயா அம்மா என்று. இல்லை சாமி என்றேன். ஆனால் ஆண்டவர் விட்டுவிட்டார் என்று இனிமேல் சொல்லமாட்டேன். என் கை ஒரு தடவை என்னிடம் பொய் சொல்லியிருக்கிறது.

மறக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். போனவர்கள் மூன்று பேர். உபதேசியார் ஞானப்பிரகாசம். அவர் மனைவி லூர்து. என் சவரி. கோயில் கூரை போனது. மணி தொங்கிய மரம் போனது. என் இடக்கையில் உணர்ச்சி போனது.

அந்தப் பிடியை நான் போனதில் சேர்க்கவில்லை.