சரசம்மாவின் மகன் வாசலுக்கு வரவும்

ஸ்லைடு எழுதுவது பெரிய வித்தை ஒன்றும் இல்லை சார். கண்ணாடித் துண்டை மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றி, ஊசியால் கீறினால் திரையில் எழுத்து வெள்ளையாக விழும். 'இன்னார் உடனே வெளியே வரவும்' என்று படத்தின் நடுவே ஆளைக் கூப்பிட, எங்கள் பாறசாலைக் கொட்டகையில் அதுதான் வழி. ஒன்றே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெஷினில் தலைகீழாகச் செருகினால்தான் திரையில் நேராக நிற்கும்.

நான் சந்தையில் தேங்காய் விற்ற வீட்டுப் பிள்ளை. பேரம் கேட்டே வளர்ந்ததால் கோபம் சட்டென்று வராது. வந்தால் விலை இறங்காது.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்த வருஷம். தொண்டன் கனகதாஸ், 'தமிழ் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும்' என்று ஸ்லைடு போடச் சொன்னான். மனதாரத்தான் எழுதினேன். அவசரத்தில் நேராகச் செருகிவிட்டேன்.

கனகதாஸ் பெஞ்சில் ஏறி நின்றான். "எலே மக்கா, பாத்தியளா? தாணுவுக்க தமிழு தலைகீழா நின்னு மலையாளத்தானைக் கும்பிடுது!"

கொட்டகையே சிரித்தது. அன்றிலிருந்து நான் தலைகீழ் தாணு.

அம்மிணியை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். அவள் அப்பா சம்பந்தத்தை முறிக்க வீடு தேடி வந்தார். "கோவிச்சுக்காத மக்கா. நாளைக்கு எனக்க பேரப்பிள்ளைய ஊரு என்னண்ணு விளிக்கும்? தலைகீழுக்க மோன்னுல்லா!" நியாயமான மனிதர். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

இரண்டு மாதம் கழித்துப் போலீஸ் கனகதாஸைத் தேடியது. பெயர் தெரியும், முகம் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேட்னியில், மீசையை மழித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். என் மெஷின் அறை ஓட்டை வழியாகப் பார்த்தேன். இறங்கிப் போய், வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏட்டிடம், "ஸ்லைடு போட்டதும் எழுந்து வருபவன்தான் ஆள்" என்றேன்.

அவன் பெயரை நான் எழுதவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். 'சரசம்மாவின் மகன் வாசலுக்கு வரவும். அம்மைக்கு ஆபத்து.' அவன் அம்மை சரசம்மா மூச்சிழுப்புக்காரி, ஊருக்கே தெரியும். அவன் வராமல் இருந்திருக்கலாம். அவன் இஷ்டம்தானே.

எழுந்தான். அவன் தலையின் நிழல் திரையில் பாதி தூரம் ஓடியது.

தகரக் கொட்டகை, வெளிச் சத்தம் அப்படியே உள்ளே வரும். காசு கொடுத்துப் படம் பார்ப்பவர்களுக்கு இடைஞ்சல். வால்யூமைக் கூட்டினேன். ரீல் தீர்ந்தது, வெளியே அடி தீரவில்லை. அடுத்த ரீலுக்கும் குறைக்காமல் விட்டேன்.

மூன்றாம் நாள் அவனைப் பாயில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நானும் போயிருந்தேன். சரசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஆளு விடல்லியே மோனே. எனக்க பேரச் சொல்லி அவனை விளிச்சது ஆராக்கும்?"

தெரியாது என்றேன்.

எல்லை வகுத்தாயிற்று, பாறசாலை கேரளத்திலேயே நின்றுவிட்டது. நீங்கள் தியாகிகள் பட்டியல் எழுத வந்திருக்கிறீர்கள். கனகதாஸ் பெயரை எழுதுங்கள். கொன்றவன் பெயருக்கு இடம் உண்டென்றால் என் பெயரையும் எழுதுங்கள். வெறும் தாணு போதும்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் சார். அன்றைக்கு ஸ்லைடைச் சரியாகத்தான் செருகினேன். எழுத்து நேராக நின்றது. ஒருவரும் சிரிக்கவில்லை.