பின்பக்கத்துக் கடைசி போல்ட்

வெளியே உங்கள் ஜீப் ஓடிக்கொண்டே நிற்கிறது. டிரைவர் டீ குடிக்கப் போயிருப்பான். இந்தக் காலத்தில் எவனும் வண்டியை நிறுத்தினால் எஞ்சினை அணைப்பதில்லை. கேட்டால், "இதோ வந்துடறேன்" என்பான். ஆள் இறங்கினால் எஞ்சின் நிற்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம் தெரியாதவன் கையிலெல்லாம் சாவியைக் கொடுத்து ஊர் மேய விட்டிருக்கிறார்கள்.

சரி, வந்த வேலையைச் சொல்கிறேன். முன் அறை பெஞ்சில் உட்கார்ந்து "நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்" என்று தலையில் அடித்துக்கொள்கிறானே என் மாப்பிள்ளை, அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் யாரையும் கொல்லவில்லை. அதற்குக் கொஞ்சம் கைவேலை தெரிய வேண்டும். அவனுக்கு இறுகிப்போன ஜாடி மூடியைக்கூடத் திறக்க வராது. என் மகள்தான் திறந்து கொடுப்பாள்.

நீங்கள் சிரிக்கவில்லை. நல்லது. சிரிக்கிற போலீஸ்காரரை நான் நம்புவதில்லை.

நான் கார் மெக்கானிக். படிப்பு ஏறவில்லை. நான் சொல்வதை நீங்கள் அப்படியே எழுதுவீர்கள் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்துக் கூட்டி நானே படித்துக்கொள்வேன். நேரம் ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சினிலிருந்து வரும் புகையை வாங்கி வெளியே அனுப்புகிற இரும்புக் குழாய் ஒன்று உண்டு. மேனிஃபோல்டு என்போம். எஞ்சினோடு சேர்த்து அதை வரிசையாகப் போல்ட் போட்டுப் பிடித்திருப்பார்கள். முன்னால் இருக்கிற போல்ட்டுகளை எந்தப் பயலும் கழற்றுவான். கடைசி போல்ட் மட்டும் பின்பக்கம், எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் இருக்கிற தகட்டை ஒட்டி ஒளிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கை நுழையாது. வெந்து வெந்து, துருவேறி, எஞ்சினோடு ஒரே இரும்பாக ஒட்டிப்போயிருக்கும். அவசரப்பட்டுத் திருகினால் தலை முறிந்து கையோடு வந்துவிடும். எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். சுத்தியலால் செல்லமாகத் தட்ட வேண்டும். கழற்றுகிற பக்கம் போகாமல் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூல் திருப்ப வேண்டும். ஒரு சின்ன முனகல் கேட்கும். அது கேட்டால் வழிக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

என் கை முறம் மாதிரி. என் மகள் கை சின்னது. பட்டறையில் எல்லாரும் அவளைச் சுண்டு என்றுதான் கூப்பிடுவோம், சுண்டுவிரல் போல இருப்பாள் என்று. எந்த இண்டு இடுக்கிலும் அந்தக் கை போய்விடும். அவள் கண்ணை மூடிக்கொண்டு, தகட்டில் கன்னத்தைப் பதித்து, விரலாலேயே பார்ப்பாள். "ஆ, பிடிச்சிட்டேன்பா" என்பாள். அவளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் பட்டறைக்கு வந்துகொண்டுதான் இருந்தாள். எங்கள் பட்டறைக்குப் பேர் வந்ததே அந்தக் கடைசி போல்ட்டால்தான். மற்ற பட்டறைக்காரர்கள் எஞ்சினையே இறக்க வேண்டும் என்பார்கள். நாங்கள் இறக்காமல் முடிப்போம்.

மாப்பிள்ளை கண்ணாடிக் கடையில் கண் பார்த்துப் பவர் சொல்கிறவன். அவனுக்குத் தூரத்து ஊரில் வேலை கிடைத்தது. இவளும் போகிறேன் என்றாள். புருஷனோடு போவதுதானே முறை. போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். கெஞ்சுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

கிளம்புவதற்கு முன்னால் அவர்கள் காரை என்னிடம் விட்டாள். மேனிஃபோல்டில் லேசாகப் புகை கசிந்து டிக் டிக்கென்று சத்தம். குழாய்க்கும் எஞ்சினுக்கும் நடுவில் புகை கசியாமல் அடைக்கிற கேஸ்கெட்டை மாற்ற வேண்டும். தூரப் பயணம், மழைக்காலம் வேறு.

"கடைசி போல்ட்டுக்குக் கை வேணுமாப்பா?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தாள்.

"நீ போய்ப் பெட்டி கட்டு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி நான் தொழில் பண்ணலையா?"

"பண்ணுனியே. கடைசி போல்ட்டை மட்டும் விட்டுட்டு."

பட்டறையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. உள்ளுக்குள் ஏதோ முறிந்தது. சரி, அதெல்லாம் வேண்டாம்.

அவள் கை இல்லாமல் அந்தப் போல்ட்டை எட்ட எனக்கு ஒரு வழி உண்டு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் கால் வைக்கிற இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கினால், அந்தத் தகட்டில் ஓர் ஓட்டை இருக்கும். ஒயர் போவதற்காக விட்டு, பிறகு தேவைப்படாமல் ரப்பர் மூடி போட்டு அடைத்திருப்பார்கள். மூடியைப் பிடுங்கிவிட்டு, நுனியில் ஸ்பேனர் பொருத்திய நீளமான இரும்பு ராடை உள்ளிருந்தே நுழைத்தால் நேராகக் கடைசி போல்ட்டின் தலையில் போய் உட்காரும். இந்த வித்தை எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். வெளியே யாருக்கும் சொன்னதில்லை. யாரை நம்புவது?

அப்படித்தான் கழற்றினேன். புதுக் கேஸ்கெட் வைத்தேன். முன் போல்ட்டுகள் எல்லாவற்றையும் முறையாக இறுக்கினேன். அவற்றை நீங்கள் சோதித்துப் பார்க்கலாம், ஒரு குறை சொல்ல முடியாது. கடைசி போல்ட்டை மட்டும் பிடிக்கிற அளவுக்குத் திருகிவிட்டு ராடை உருவிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். கார் சூடேறச் சூடேற அது தளரும். சத்தம் வரும். என் மகள் காதுக்கு அது தப்பாது. பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, "என்னப்பா வேலை பார்த்திருக்கே" என்று சண்டை போடுவாள். கையை விட்டு அவளே இறுக்குவாள். ராத்திரி தங்குவாள். இன்னும் ஒரு நாள் இருப்பாள். அவ்வளவுதான் நான் நினைத்தது. தகப்பன் நினைக்கக் கூடாத ஒன்றும் அதில் இல்லை.

கிளம்பும்போது அவள்தான் ஸ்டீயரிங்கில் இருந்தாள். எப்போதும் அவள்தான் ஓட்டுவாள். எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும் என்று அவள் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி முழங்கையை வெளியே வைத்துக்கொள்வாள், மழையானாலும் சரி. அவன் பக்கத்து சீட்டில், ஜலதோஷக்காரன், கண்ணாடியை மேலே வரை ஏற்றிவிட்டு, அவளுடைய ஸ்பேனர் பெட்டியை மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இவரையும் ஓட்டக் கத்துக்கச் சொல்லு" என்றாள் என் மனைவி.

"இவரா? இவர் ரிவர்ஸ் எடுத்தா சுவர்தாம்மா நகர்ந்து வழிவிடணும்."

அவனும் சிரித்தான். அவனைச் சொன்னால் அவனே சிரிப்பான், அப்படிப்பட்ட ஆள். வண்டி தெருமுனை திரும்பும்போது அவள் முழங்கை மட்டும் தெரிந்தது.

அவள் திரும்பி வரவில்லை. சாயங்காலம் போன் வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, எங்கள் சமையலறையில் தரையில் உட்கார்ந்து அவன் சொன்னான். யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொன்னான்.

"கொஞ்ச தூரத்துலயே சத்தம் வந்துடுச்சு மாமா. சுண்டு கேட்டுட்டு, 'அப்பாவுக்குக் கடைசி போல்ட் எட்டலை'ன்னு சொன்னா. திரும்பிப் போயிடலாம்னு நான்தான் சொன்னேன். வேண்டாம்னுட்டா. 'இப்பப் போய் நின்னா அவருக்கு அவமானமா இருக்கும். கை நடுங்குதுன்னு அவரே நெனச்சுக்குவார். அங்க போய் நானே இறுக்கிக்கறேன், நீங்க அவர்கிட்ட மூச்சு விடக் கூடாது'ன்னா."

நான் எழுந்து போய் அடுப்பை அணைத்தேன்.

"புகை உள்ள வராதான்னு கேட்டேன் மாமா. 'ரப்பர் இருக்கு, எங்கப்பா அதெல்லாம் சரியா மூடியிருப்பார்'னு சொன்னா."

அப்புறம் ரோடு காலியாக இருந்த இடத்தில், "நீங்க கொஞ்சம் ஓட்டுங்க, பயம் போகட்டும்" என்று அவனிடம் ஸ்டீயரிங்கைக் கொடுத்துவிட்டு அவள் அவனுடைய சீட்டுக்கு மாறி உட்கார்ந்திருக்கிறாள். நல்ல மழை. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. பெட்டி கட்டிய அலுப்பு அவளுக்கு. கால்மாட்டில் கதகதப்பாக இருக்கிறது, சுகமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள். இவனுக்குத் தலை சுற்றியிருக்கிறது. புது டிரைவர், பயத்தில் வருகிறது என்று நினைத்து ஓரம் கட்டி, இறங்கி வாந்தி எடுத்துவிட்டு, ஒரு கூரைக்கடியில் உட்கார்ந்துவிட்டான். அவளுக்குக் குளிரக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது என்று எஞ்சினை ஓடவிட்டே இறங்கியிருக்கிறான்.

அதைத்தான் இப்போது பிடித்துக்கொண்டு அழுகிறான். அணைத்திருந்தால் பிழைத்திருப்பாளாம்.

இந்த ரப்பர் மூடியைப் பாருங்கள். மேஜை மேல் வைக்கிறேன். அன்றைக்கு என் சட்டைப் பையில் இருந்தது. என் மனைவி துணி துவைக்கும்போது எடுத்து, "என்னங்க இது?" என்றாள். "வண்டிச் சாமான்" என்றேன். எங்கள் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் அடைப்பான் தொலைந்து போயிருந்தது. அவள் இதை வைத்துப் பார்த்தாள், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் இதை அழுத்தி வைத்துத் தண்ணீர் பிடிக்கிறாள். அழுதுகொண்டே பாத்திரம் தேய்க்கிறாள். பிறகு இதைப் பிடுங்குகிறாள், தண்ணீர் சுழன்று போகிறது. நான் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இன்றைக்கு நான் எடுத்தபோதுகூடத் திட்டினாள். "அதை எங்க எடுத்துட்டுப் போறீங்க? தொட்டியில தண்ணி நிக்காது."

கார் உங்கள் பின்கட்டில்தானே நிற்கிறது. கார்ப்பெட்டைத் தூக்கி, இதை அந்த ஓட்டையில் வைத்துப் பாருங்கள்.

சத்தத்துக்குப் போல்ட் ஒன்றே போதுமே, மூடியை ஏன் திரும்ப அடைக்கவில்லை என்கிறீர்கள். எனக்கு வயதாகிவிட்டது, மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். வீட்டில் கேட்டால் அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். ஆனால் ராடை உருவிய பிறகு அந்த மூடி என் உள்ளங்கையில்தான் இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஓட்டை எந்த சீட்டுக்குக் கீழே வருகிறது, அங்கே யார் உட்காருவார், யார் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஓட்டுவார் என்று எனக்குத் தெரியும். புகையில் எது மணக்கும், எது மணக்காமல் ஆளைத் தூங்க வைக்கும் என்பதும் தெரியும். மூடியைப் பையில் போட்டேன். கார்ப்பெட்டைச் சுருக்கம் இல்லாமல் விரித்தேன்.

அவனுக்குத் தலைவலி வரும், வாந்தி வரும், அவள் பயந்துபோய் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருவாள் என்று நினைத்தேன். அதோடு நின்றிருக்குமா என்று கேட்காதீர்கள். நிற்காவிட்டாலும் பரவாயில்லை என்று நினைத்தேன். அப்போதும் அவள் வீட்டுக்குத்தானே வருவாள்.

இதை ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்றால், மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள். அவன் அவளை என்னிடமிருந்து கூட்டிக்கொண்டு போனான். சரி. அவள் கடைசியாகப் பேசியதெல்லாம் அவனிடம்தான். சரி. இப்போது இதையும் தன்னுடையது என்று தூக்கிக்கொண்டு போகப் பார்க்கிறான். இதையாவது எனக்கு விட வேண்டும். இது என் கை செய்த வேலை.

எங்கே கையெழுத்து? இங்கேயா? பேனா எழுதவில்லை, வேறு கொடுங்கள்.

என்னை எந்த அறையில் வைப்பீர்களோ காட்டச் சொல்லுங்கள், யாரும் பிடிக்க வேண்டாம், நானே நடந்து போவேன். முதலில் வாசல் வரை போய் அந்த ஜீப்பை அணைத்துவிட்டு வருகிறேன். எவ்வளவு நேரமாக ஓடுகிறது, உங்களில் ஒருவருக்குக்கூடக் காது கேட்கவில்லை. ஒரு சாவிதானே. திருப்பினால் முடிந்தது. அதை மட்டும் அவன் செய்திருந்தால் இன்றைக்கு என் பிள்ளை இருந்திருக்கும்.