கோடு விழுந்த மரகதம்

மரகதத்துக்கு விலையே கிடையாது என்பார்கள். காரட் நாற்பதாயிரம், ஐயா. "விலைமதிக்க முடியாத கல்" என்று வாடிக்கையாளரே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் நாற்பத்தைந்து.

பயப்படாதீர்கள், உங்கள் தலையில் கட்ட வரவில்லை. இந்த ஸ்டேஷனில் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவள் என் தங்கை. ஒன்பது வயது மகளின் சாவுக்குத் தன் ஒருத்தியின் புத்திதான் காரணம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். மாத்திரையை நிறுத்தினேன், குளியலறையில் தாழ்ப்பாள் போட விட்டேன் என்று. சின்ன வயதிலிருந்தே கணக்கில் அவள் மோசம். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது, அதைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

எங்களுக்கு மூன்று தலைமுறையாகக் கல் வியாபாரம். உண்மையில் விற்பது கதை, கல் கொசுறு. மரகதத்தைக் கண்டால் பாம்பின் கண் குருடாகும். நாக்கின் கீழ் வைத்தால் நாளைக்கு நடப்பது தெரியும். பிரசவ வலியில் தொடையில் கட்டினால் குழந்தை சட்டென்று வரும். உரசிக் குடித்தால் விஷம் முறியும். கல்லில் எழுத்து வெட்டுகிறவர்கள் அந்தக் காலத்தில் மேஜையில் ஒரு மரகதத்தை வைத்துக்கொண்டு, கண் களைத்தால் அதையே பார்ப்பார்களாம். அது ஒன்றை மட்டும் நான் நம்புகிறேன். ஆனால் கீரைக்கட்டைப் பார்த்தாலும் கண்ணுக்கு அதே குளிர்ச்சிதான், கீரைக்கு யார் காரட் கணக்கில் காசு தருவார்கள்?

வலிப்புக்கும் ஒரு கதை உண்டு. குழந்தையின் கழுத்தில் மரகதம் தொங்கினால் கல்லும் நோயும் சண்டை போடும். நோய் ஜெயித்தால் கல் உடையும். பழைய ஏட்டில் இருப்பது அப்படித்தான். என் தாத்தா அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார். கல்லில் கோடு விழுந்தால், நோயைக் கல் வாங்கிக்கொண்டது என்று பொருள். பிள்ளையும் பிழைத்தது, கடையும் பிழைத்தது.

தங்கை மகள் மே மாதத்தில் பிறந்தவள், மரகதத்தின் மாதம். உருண்டையாக இருப்பாள், பட்டாணி என்று நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன். ஐந்து வயதில் வலிப்பு வந்தது. காலையும் மாலையும் மாத்திரை. வலிப்பு நின்றது, ஆனால் பிள்ளை வகுப்பில் தூங்கி விழுந்தாள். மாப்பிள்ளை கப்பலில். தங்கை தையல் ஆலையில். பள்ளி விட்டதும் பட்டாணி என் கடைக்கு வருவாள், ஆறு மணிக்கு அம்மா வந்து கூட்டிப் போவாள்.

போன மே மாதம் அவள் கழுத்தில் ஒரு கல் போட்டேன். இனாம்தான், தங்கையிடம் காசு வாங்குகிற அளவுக்கு நான் மோசமில்லை. ஐயாவுக்கு ஒரு தொழில் ரகசியம். மரகதத்துக்குள் விரிசல் இல்லாமல் இருக்காது. சூடான எண்ணெயில் ஊற வைத்தால் விரிசல் மறையும். வெந்நீரும் சோப்பும் பட்டால் எண்ணெய் வற்றி, விரிசல் வெளியே வரும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கைமாறிய கல்லின் குறையை வாயால் சொல்வதில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை ஓட்டமாக வந்தாள்.

"அண்ணா, கல்லுல கோடு விழுந்திருக்கு. வாங்கிக்கிடுச்சா?"

நான் கல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "ம்" என்றேன். ஐயா அந்த ஒரு எழுத்தைக் குறித்துக்கொள்ளலாம். அதில் பொய் எதுவும் இல்லை.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு கேட்டாள், "அப்போ மாத்திரை?"

"ரெண்டு வைத்தியம் ஒண்ணா நடந்தா எது குணமாக்குச்சுன்னு எப்படித் தெரியும்?"

நிறுத்து என்று நான் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டேன், அவள் அன்றைக்கே நிறுத்தினாள். அடுத்த வாரம் ஒரு அம்மா வருவதாக இருந்தது, மகனுக்கு இதே நோய், கையில் வசதி. மாத்திரை சாப்பிடுகிற பிள்ளையைக் காட்டி எப்படிக் கல் விற்பது?

பட்டாணி பிரமாதமாகப் பேசினாள். "நீ மாத்திரை எதுவும் சாப்பிடலையாம்மா?" என்று அந்த அம்மா கேட்டதற்கு, "மாமா கல்லு மட்டும்தான் ஆன்ட்டி. கசக்காது" என்றாள். அந்த அம்மா போனதும் கையை நீட்டினாள். "மாமா, என் கமிஷன்?" எங்கள் ரத்தம். தூக்கக் கலக்கம் போய் முகம் தெளிந்திருந்தது. மாத்திரை இல்லாத அந்த மூன்று மாதம் அவள் வகுப்பில் தூங்கவே இல்லை, ஐயா. அதையும் எழுத வேண்டும்.

மூன்று மாதமும் வலிப்பு வரவில்லை, அந்த நம்பிக்கையில்தான் தாழ்ப்பாள் போட விட்டேன் என்று தங்கை சொல்லியிருப்பாள். பெரிய பெண்ணாகிவிட்டேன் என்று பிள்ளை அடம் பிடித்தாளாம். கதவை உடைத்துத் திறந்தபோது முகம் தொட்டித் தண்ணீருக்குள் இருந்தது. தங்கை பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மாத்திரை நின்ற பிறகு முதல் வலிப்பு என் கடை உள்ளறையில் வந்தது. சின்னது, எச்சிலைத் துடைத்துவிட்டேன். இரண்டாவது, ஒரு வெளியூர் வியாபாரியோடு துண்டுக்கடியில் கை வைத்திருந்தபோது. நாங்கள் வாயால் விலை பேச மாட்டோம், துண்டை மூடி விரலை அழுத்தித்தான் பேசுவோம். முடியும் முன் கையை உருவினால் பேரம் முறிந்தது. எதிரே கண்ணாடியில் உள்ளறை தெரிந்தது. அவள் நாற்காலியிலிருந்து சரிந்தாள். குதிகால் தரையில் அடிக்கிற சத்தம் கேட்டது. "என்ன சத்தம்?" என்றார் வியாபாரி. "பிள்ளை விளையாடுது" என்றேன். இன்னும் மூன்று விரல் பேச வேண்டியிருந்தது. பேசினேன்.

போய்ப் பார்த்தபோது அடங்கியிருந்தது. மடியில் போட்டுக்கொண்டேன். கண் விழித்து, "மாமா, கல்லு தூங்கிடுச்சா?" என்றாள்.

"ஆமாடா, கொஞ்சம் அசந்துடுச்சு. அம்மாகிட்டச் சொல்லாதே, அழுவா."

யோசித்தாள். "சரி, ஒரு ஐஸ்கிரீம்."

இரண்டு வாங்கிக் கொடுத்தேன். என் வாழ்நாளில் எதிராளி கேட்ட விலைக்கு மேல் நான் கொடுத்தது அன்றைக்குத்தான். சொன்ன வாக்கை அவள் காப்பாற்றினாள். ஐந்தாம் நாள் குளிக்கப் போனாள்.

நான் அவளை நேசிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடக்கம் பண்ணியபோது கழுத்திலிருந்து கல்லை நான் கழற்றவில்லை. எட்டாம் நாள் கடையைத் திறந்தேன். மகளோடு ஒரு அப்பா வந்து, குணமான பிள்ளையைப் பார்க்கலாமா என்று கேட்டார். "பள்ளிக்கூடம் போயிருக்கா" என்றேன். சொல்லும்போது எனக்கே அது உண்மை போல இருந்தது. சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரை இல்லாத நாள் தொண்ணூற்றொன்று. வலிப்பு மூன்று, இரண்டு என் கண் முன்னால், மூன்றாவது என்னால். தங்கை பெயரில் எதுவும் இல்லை, அவளை வீட்டுக்கு அனுப்புங்கள். பட்டாணியைக் காட்டி விற்ற கல் பதினான்கு, அந்த அப்பாவுக்கு விற்றதையும் சேர்த்து. பதினான்கு விலாசமும் இந்தத் தாளில் இருக்கிறது. எத்தனை வீட்டில் மாத்திரையை நிறுத்தினார்கள் என்று பக்கத்தில் ஒரு கட்டம் போட்டேன். அதை நிரப்பவில்லை, யாரிடமும் நான் கேட்டதில்லை.